இறக்கத்தில் நிறுத்திய வண்டி

அண்ணே,

என் கடை ரஸ்க் டப்பாவின் மூடி ஒன்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கிரீஸும் மண்ணும் ஏறிக் கறுத்துப்போன மூடி. போன வியாழக்கிழமை உங்கள் வண்டிக்கு அடியிலிருந்து எடுத்தது. எத்தனை தடவை துடைத்தாலும் பூண்டு வாசம் போகவில்லை. பூண்டு, கிரீஸ், பெட்ரோல். நீங்கள் கடைக்குள் நுழைந்தால் என்ன வாசம் வருமோ அதே வாசம். பன் வாங்க வந்த இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

உங்களைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன். நேரில் திட்டலாம் என்றால், போன மார்கழியில் பூண்டுப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் எதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்?

நம் இரண்டு பேர் வண்டியும் ஒரே ரகம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஜிடி கார். நீள மூக்கு, இரண்டே கதவு, மர டேஷ்போர்டு, தோல் சீட். தேசம் விட்டுத் தேசம் சொகுசாகப் போய்வரச் செய்த வண்டியாம். இங்கே வந்து அது பார்த்த தேசமெல்லாம் என் பெருமாள்மலையிலிருந்து ஏரி, ஏரியிலிருந்து உங்கள் வில்பட்டி. உங்களுடையது பச்சை. எஸ்டேட் துரை ஊருக்குக் கிளம்பும்போது தன் டிரைவருக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு, விட்டுவிட்டுப் போனது. என்னுடையது தந்தக் கலர். பேக்கரி நடத்திய என் அப்பா இன்னொரு துரையிடம் ஆசைப்பட்டு வாங்கியது. அப்பா போனதும் வீட்டில் எல்லோரும் "வித்துத் தொலை" என்றார்கள். நான் கடையையும் எடுத்துக்கொண்டேன், வண்டியையும் எடுத்துக்கொண்டேன்.

சொகுசு என்று எவன் சொன்னான்? இந்த மலை ஈரத்துக்குத் தோல் சீட்டில் பூஞ்சை பூக்கும். வாரத்துக்கு ஒரு தடவை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றினால் இறங்காது, இறக்கினால் ஏறாது. இருந்தாலும் மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால், ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில் ஐந்து வண்டியும் வந்து நிற்கும். ஐந்து பேரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவரவர் பிள்ளை மார்க் வாங்கியதைப் போலப் பீற்றிக்கொள்வோம். லாட்ஜ்காரருக்குத் தன் வண்டிக் கடிகாரம் பழைய கடிகாரமேதான் என்று பெருமை. அது ஓடி எத்தனையோ காலம் ஆகிறது, அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

உங்கள் பெருமை வேறு மாதிரி. "எம் வண்டில ஒரு ஆணி மாறல தங்கச்சி" என்பீர்கள். எந்தச் சாமானைத் திண்டுக்கல் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினாலும் அங்கே மாற்றிவிடுவார்கள் என்று உங்களுக்குப் பயம். அதனால் கழற்றியதும் அதன்மேல் ஆணியால் ஒரு பூண்டு வரைந்துவிடுவீர்கள். ஒரு வட்டம், உள்ளே இரண்டு கோடு, மேலே ஒரு வால். மற்றவர்களும் இதைப் பார்த்து ஆளுக்கொரு அடையாளம் போட ஆரம்பித்தார்கள். லாட்ஜ்காரர் நட்சத்திரம், டாக்டர் சிலுவை. நான் மட்டும்தான் போடவில்லை. "நீங்களெல்லாம் சந்தேகப் பிராணிகள்" என்று சிரித்தேன். எனக்கு அடையாளம் போட நேரமும் இல்லை, விடிவதற்குள் அடுப்பு பற்ற வைக்கிறவள் நான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு நினைவிருக்கிறதா? உங்களுக்கா இருக்காது. டீ குடித்து முடித்து எல்லோரும் கிளம்பினார்கள். நான் சாவியைத் திருப்பினேன். உள்ளே ஏதோ உடைகிற சத்தம் ஒன்று கேட்டது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. டூரிஸ்டுகள் சுற்றி நின்றுவிட்டார்கள். கைபேசியில் படம் பிடித்தார்கள். லாட்ஜ்காரரும் கூட்டத்தில் நின்ற மூன்று பேரும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். "பொம்பளைக்கு எதுக்குங்க இந்த வண்டி, ஒரு ஸ்கூட்டி போதாதா" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது என் காதில் விழுந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தேன். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

அடுத்த மாதம் நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். "இனிமே யார் வண்டி மக்கர் பண்ணுனாலும் மத்தவுங்க தள்ளப்படாது, பாக்கவும் படாது. அம்புட்டுப் பேரும் ஏரியைப் பாத்துத் திரும்பி நின்னுக்கணும். கெளம்புற சத்தம் கேட்டாத்தான் திரும்பணும்." எல்லோரும் கேலி செய்தார்கள். ஆனாலும் அது எப்படியோ பழக்கமாகிவிட்டது. சரிப்படாத வண்டிக்காரன் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருப்பிக்கொண்டிருக்க, நாலு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்பார்கள். பார்க்கிற டூரிஸ்டுகளுக்கு ஏதோ பிரார்த்தனை நடக்கிற மாதிரி இருக்கும்.

அந்த மாதமே ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தீர்கள். உள்ளே ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார், சாவியைத் திருப்பினதும் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடுகிற சாமான். "சீமைக்கு எழுதிப் போட்டேன் தங்கச்சி, வந்துருச்சு" என்றீர்கள்.

"சீமைச் சாமான்ல எப்படிண்ணே பூண்டு வாசம் அடிக்குது?"

"எம் வீட்ல ரெண்டு நாள் கெடந்துச்சுல்ல, அதான்."

நானும் அதை நம்பினேன். என் புத்தியை எதால் அடிப்பது? நீங்களே வண்டிக்கு அடியில் படுத்து மாட்டினீர்கள். என் பழையதை உங்கள் சாக்கில் போட்டுக்கொண்டு, "வாய் உடைஞ்சு போச்சு, பழைய இரும்புதான், நானே வச்சுக்கிறேன்" என்றீர்கள். எவ்வளவு ஆச்சு என்று கேட்டதற்கு "ரெண்டு பிளம் கேக் குடு, போதும்" என்றீர்கள். அதிலும் ஒன்றை வாசலிலேயே பிட்டுத் தின்றுவிட்டீர்கள்.

அதற்கப்புறம் என் ஆட்டத்தைச் சொல்லவேண்டாம். சாவியைத் தொட்டால் வண்டி உறுமும். கொட்டுகிற மழையோ கொல்லுகிற பனியோ, ஒரே தொடுதல். மைதானத்தில் எல்லோரும் இழுத்துக்கொண்டிருக்கும்போது நான் ஒரு விரலால் சாவியைத் திருப்பிவிட்டு மற்ற கையால் தலைமுடியைச் சரிசெய்வேன். ஸ்கூட்டி போதாதா என்று கேட்டவர் எவராக இருந்தாலும் அவருக்குக் கேட்கிற மாதிரி இரண்டு தடவை ஆக்சிலேட்டரை மிதிப்பேன். ஒன்பது வருஷம் அண்ணே. ஒன்பது வருஷமும் அந்தத் திமிரில்தான் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நீங்களோ அதே சமயத்தில்தான் ஒரு புது வீம்பைப் பிடித்துக்கொண்டீர்கள். எங்கே போனாலும் இறக்கம் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவீர்கள். முன் சக்கரத்துக்கு ஒரு கல். கிளம்பும்போது கல்லை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, சத்தமில்லாமல் உருள விட்டு, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விடுவீர்கள். ஒரு உதறு உதறிக்கொண்டு வண்டி உயிர் பெறும். "ஏண்ணே, சாவி எதுக்கு இருக்கு?" என்றால், "பேட்டரிக்கு ஏன் நோவு குடுக்கணும், இவளுக்கு எறக்கம்தான் புடிக்குது" என்பீர்கள்.

மைதானத்தில் எங்களோடு சேர்ந்து நிறுத்தமாட்டீர்கள். மேலே தைல மரத்துக்குப் பக்கத்து இறக்கத்தில் நிறுத்திவிட்டு, ஒரு பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஃபர்லாங் நடந்து வருவீர்கள். எங்களோடு நிறுத்தினால் கௌரவம் குறைந்துபோகுமா என்று நானே ஒரு தடவை எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டு டீயை ஊற்றினீர்கள். "பள்ளத்து ராஜா" என்று பேர் வைத்ததும் நான்தான். வைத்தது நான், பரப்பினது லாட்ஜ்காரர், சிரித்தது எல்லோரும். நீங்களும் சேர்ந்தேதான் சிரித்தீர்கள். இப்போது அதை நினைத்தால் எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் மலர் திண்டுக்கல்லிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து கடை வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. யாரோ ரிசார்ட்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறார். உங்கள் வண்டியை வாங்கி, இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, பானெட்டுக்குள் பூச்செடி வைத்து வாசலில் நிறுத்தப் போகிறாராம். பூச்செடி அண்ணே, உங்கள் வண்டிக்குள்ளே.

"அம்மா ஒத்துக்கிட்டாங்க அத்தை. ஒம்பது மாசமா அசையாம கெடக்கு, வர்ற முதல் ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடுச்சுன்னா வீட்ல இருக்கட்டும், இல்லேன்னா குடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க. உங்களுக்குத்தான் அந்த வண்டி தெரியும்."

அண்ணியைக் குற்றம் சொல்ல மாட்டேன். பூண்டு காயப்போட இருந்த ஒரே இறக்கத்தையும் இத்தனை வருஷமாக வண்டி நிறுத்தப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தவர் நீங்கள். அவர் பொறுத்ததே பெரிசு.

வியாழக்கிழமை மதியமே கடையைத் தம்பி பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு வில்பட்டிக்கு வந்தேன். உருட்டிக் கிளப்பலாம் என்றால், போன மழையில் மேட்டிலிருந்து மண் சரிந்து உங்கள் இறக்கம் முழுக்க மூடிக் கிடக்கிறது. புது பேட்டரி வைத்து, பெட்ரோல் மாற்றி, சாவியைத் திருப்பினால் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. "ஸ்டார்ட்டரைப் பாரும்மா" என்றேன். மலர் கைபேசி வெளிச்சத்தோடு அடியில் புகுந்தாள்.

"அத்தை, இங்கன ஸ்டார்ட்டரும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்க கடை ரஸ்க் டப்பா மூடிதான் இருக்கு."

ஸ்டார்ட்டர் இருக்க வேண்டிய ஓட்டையில், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகாமல் இருக்க, என் கடை மூடியைத் தட்டி வளைத்து போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறீர்கள். அதைக் கழற்றிக் கையில் வாங்கிப் பார்த்தேன். மூடியிலும் ஒரு பூண்டு வரைந்திருக்கிறது. ரஸ்க் டப்பா மூடியை எவன் அண்ணே திருடுவான்?

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எப்போதோ கெட்டுப்போய்க் கழற்றியிருக்கிறார், சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். திண்டுக்கல்லில் தேட வேண்டுமானால் அது எப்படி இருக்கும் என்று மலருக்குத் தெரிய வேண்டுமே. "வா, எம் வண்டில காட்டுறேன், போட்டோ எடுத்துக்க" என்று பெருமாள்மலைக்குக் கூட்டி வந்தேன். என் ஷெட்டில் வைத்து அவள் துணியால் கிரீஸைத் துடைத்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் கிரீஸ் அப்பம் மாதிரி அப்பியிருந்தது. துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து ஒரு வட்டம் வந்தது. இரண்டு கோடு வந்தது. மேலே வால் வந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். "எம் வண்டிச் சாமான்ல உங்கப்பா எதுக்கு பூண்டு வரைஞ்சாரு?" என்று கத்திவிட்டேன். மலர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அத்தை. அப்பா ஒரு நாள் முழுக்க வண்டிக்கடியில படுத்திருந்தாரு. அதுக்கப்புறம்தான் உருட்டிக் கெளப்ப ஆரம்பிச்சாரு."

ஷெட்டில் கிடந்த மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மலர் உங்கள் கொட்டகையில் தேடி என் பழைய ஸ்டார்ட்டரையும் எடுத்தாள். அதே சாக்கில், வாய் உடைந்தபடி. திண்டுக்கல், மதுரை என்று கொண்டுபோய்க் கேட்டு, எவனும் முடியாது என்று திருப்பி அனுப்பிய சீட்டுகள் நாலைந்து அதோடு கட்டியிருந்தன. போகிற வரைக்கும் அலைந்திருக்கிறீர்கள். ஒரு ஆணி மாறவில்லை என்று பீற்றிக்கொண்டே, வண்டியின் உயிரைக் கழற்றிக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நான் கேட்டேனா? உருட்டிக் கிளப்புவது எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கலாம். அட, அந்தப் பேராவது வைக்காமல் இருந்திருப்பேன். என்னை இப்படி ஒரு கேவலமானவளாக ஆக்கிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். நல்லாயிருக்கிறது உங்கள் நியாயம்.

வெள்ளிக்கிழமை பூராவும் எனக்குச் சோலியே ஓடவில்லை. ஒரு தட்டு பிரெட் கருகியது. இருப்பது ஒரு ஸ்டார்ட்டர், வண்டி இரண்டு. திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தெரியும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கை வரவில்லை. மைதானத்தில் மறுபடி அந்த நடு இடத்தில் பேச்சுமூச்சில்லாத வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் லாரி மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "நாளைக்கு வெள்ளனே வாங்க, ஒண்ணைக் கழட்டி ஒண்ணுல மாட்டணும்" என்று சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது.

நேற்று ஞாயிறு. சந்தியில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்குகிறவர்கள் தள்ளிவிட, நான் ஸ்டார்ட்டர் இல்லாத என் வண்டியைக் கிளப்பிக்கொண்டு மேலே வந்தேன். நேராக உங்கள் தைல மரத்துக்குப் போய் இறக்கத்தில் நிறுத்தினேன். உங்கள் கல் அங்கேயே கிடக்கிறது அண்ணே. அதையே சக்கரத்துக்கு வைத்துவிட்டு, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த இரண்டு ஃபர்லாங் நல்ல தூரம். மூட்டு வலியோடு நீங்கள் எப்படித்தான் நடந்தீர்களோ.

மலர் உங்கள் பச்சையை மைதானத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தி அணைத்திருந்தாள். அண்ணி பக்கத்தில் மடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். டீ முடிந்து கிளம்பும் நேரம். மலர் சாவியைத் திருப்பினாள், வரவில்லை. இன்னொரு தடவை, வரவில்லை. லாட்ஜ்காரர் முதல் ஆளாக ஏரிப் பக்கம் திரும்பினார். டாக்டர் திரும்பினார். நானும் திரும்பி நின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்தேன். மூன்றாவது தடவை வண்டி உறுமியது. அண்ணி கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, "பூச்செடிக்காரருக்கு வேண்டாம்னு போன் போட்டுருடி" என்று மலரிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அந்த லாட்ஜ்காரர் இருக்கிறாரே, கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா, ராஜா வண்டில ஸ்டார்ட்டர் நல்லாத்தான் இருந்திருக்கு. இத்தனை வருஷமும் நம்மளைக் கடுப்பேத்தத்தான் உருட்டியிருக்காரு மனுஷன்."

எல்லோரும் சிரித்தார்கள். மலர் இன்ஜினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். சாக்கு, பூண்டு வாசம், பிளம் கேக், ரஸ்க் மூடி, எல்லாவற்றையும். இத்தனை வருஷம் ஒரு விரலால் நான் திருப்பின சாவி யாருடைய தயவு என்று அவர்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொன்னேன். நடு மைதானத்தில், டூரிஸ்டுகள் பார்க்க, மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். எதற்காக நீங்கள் சட்டம் போட்டீர்களோ அதே கோலத்தில்.

லாட்ஜ்காரர் மெதுவாக ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றார். டாக்டர் திரும்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். யாரும் தோளைத் தட்ட வரவில்லை. நான் அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைக்கும்வரை அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து லாட்ஜ்காரர் திரும்பாமலேயே கேட்டார். "இனிமே உங்க வண்டிக்கு என்னங்க செய்யப் போறீங்க?"

"சீமைக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்றேன்.

மழை வருகிற மாதிரி இருக்கிறது. ஓட்டைக்குள் மண் போவதற்குள் இந்த மூடியை என் வண்டியில் மாட்ட வேண்டும், உங்கள் பூண்டு வெளியே தெரிகிற மாதிரி. திட்ட வேண்டியதெல்லாம் திட்டி முடித்தபாடில்லை, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். வண்டியை ஷெட்டில் விடவில்லை அண்ணே. கடைக்கு எதிரே, இறக்கத்தில், கல் வைத்து நிறுத்தியிருக்கிறேன்.